ஏணி இல்லாமல் ஏன் ஏறணும்?

வாசகர் கேள்வி – பதில்

முப்பத்தெட்டு வயதில் பாறை ஏறப் பழகிய கதையைப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். மகனைப் பாறை ஏறச் சொல்லித்தருகிற கோடை வகுப்பில் சேர்க்கப் போனேன், அவன் நாலாம் நாளே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிரிக்கெட்டுக்கு ஓடிவிட்டான், கட்டின பணம் வீணாகக் கூடாதே என்று அவனுக்குப் பதிலாக நான் பிடிகள் பொருத்திய பயிற்சிச் சுவரில் ஏறினேன், எட்டு வருடமாகியும் இன்னும் இறங்கவில்லை. அவ்வளவுதான் கதை. அதற்கு வந்த கடிதங்களில் எப்படி ஏறுவது என்று கேட்டவர்கள் குறைவு, ஏன் ஏறுகிறாய் என்று கேட்டவர்கள்தான் அதிகம், அதிலும் பாதிப் பேர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார்கள். சிலர் பெயர் வேண்டாம் என்றதால் எல்லார் பெயரையும் எடுத்துவிட்டேன், பேட்டை மட்டும் இருக்கிறது.

கேள்வி: அக்கா, ஆறு மாதமாக வாரம் இரண்டு நாள் சுவர் ஏறுகிறேன். ஆபீஸ் முடிந்து ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்று, அப்புறம் உள்ளங்கைத் தோல் உரிய ஏறி, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குப் போனால், "இதில் உனக்கு என்னடா கிடைக்குது" என்கிறார் அப்பா. யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரியவில்லை. உங்களிடம் பதில் இருக்கிறதா? – ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

தம்பி, இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே பிரபலமான பதிலைச் சொன்னவர் ஜார்ஜ் மல்லோரி. எவரெஸ்ட்டில் ஏன் ஏறணும் என்று 1923-ல் ஒரு நியூயார்க் பத்திரிகை கேட்டபோது, "அது அங்கே இருக்கிறதே" என்றார். அடுத்த வருடம் ஜூனில் அதே மலையில் காணாமல் போனார், உடல் கிடைத்தது 1999-ல். அந்த ஒரு வரியை டீ-ஷர்ட்டில் எல்லாம் அச்சடித்து தத்துவமாக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ, ஊர் ஊராகப் போய் அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போன மனுஷன் "ஆளை விடுங்கப்பா" என்று சொன்ன மாதிரிதான் படுகிறது. கல்யாண வீட்டில் "அப்புறம், விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிற பெரியம்மாக்களிடம் சிரித்து வைப்போமே, அந்த ரகம்.

நான் பார்த்தவரை, தரையில் நிற்கும்போது சொல்கிற காரணம் ஒன்று, சுவரில் பாதி உயரத்தில் தொங்கும்போது இருக்கிற காரணம் வேறு. நான் முதலில் சொன்னது கட்டின பணம். அப்புறம் எடை குறையும் என்று சொல்லிக்கொண்டேன் (குறையவில்லை, பசிதான் கூடியது). அப்புறம் தோள் வலிக்கு நல்லது என்றேன். ஆனால் பத்தடிக்கு மேலே, இடது கால் எலுமிச்சம்பழம் அளவு ஒரு பிடியில் நிற்க, வலது கை அடுத்த பிடியைத் துழாவுகிற அந்த நேரத்தில், பணமும் நினைவில் இல்லை, எடையும் நினைவில் இல்லை. அன்றைக்கு டேலி ஆகாத கணக்கும், மானேஜர் முகமும், கேஸ் புக் பண்ண மறந்ததும், எல்லாம் தரையிலேயே நின்றுவிடும். கை, கால், பிடி, மூச்சு. அவ்வளவுதான் உலகம்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970-களில் பாறை ஏறுகிறவர்கள், செஸ் ஆடுகிறவர்கள், நடனக்காரர்கள், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் என்று சம்பந்தமே இல்லாத பலரைப் பிடித்து, இந்த வேலையில் அப்படி என்ன இருக்கிறது என்று விசாரித்தார். வேறு வேறு வார்த்தைகளில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: அடுத்து என்ன செய்யணும் என்பது தெளிவாகத் தெரிகிறது, செய்தது சரியா தப்பா என்பது உடனே தெரிந்துவிடுகிறது, நேரம் போவதே தெரியவில்லை. இதற்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ளோ'. வேலை ரொம்பச் சுலபமாக இருந்தால் அலுப்பு, நம் சக்திக்கு மீறினால் பதற்றம், இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அந்தச் சந்தில்தான் இது நடக்கிறது என்பது அவர் கணக்கு. பாறை ஏற்றத்தில் ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு கடினம் என்று எண் போட்டிருப்பதால் அந்தச் சந்தை நாமே தேடிப் பிடிக்கலாம். உங்கள் ஆபீஸில் அந்த வசதி இருக்கிறதா? செய்த வேலை சரியா தப்பா என்று தெரியவே மூன்று மீட்டிங் ஆகும் இல்லையா?

சரி, அப்பாவிடம் ஃப்ளோ என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மார்கழியில் அம்மா விடியற்காலை எழுந்து இருபத்தொரு புள்ளிக் கோலம் போடுகிறாரே, எட்டு மணிக்குப் பால் வண்டி அதன் மேல் ஏறிப் போய்விடும், அதில் என்ன கிடைக்கிறது என்று அப்பா என்றைக்காவது கேட்டாரா? இதை அவரிடம் நேரடியாகக் கேட்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். அவர் கேரம் ஆடுகிறவராக இருந்தால் உங்கள் வேலை இன்னும் சுலபம், சிவப்புக் காயைப் போட்டதும் ஃபாலோ போடுகிற அந்த ஒரு நிமிடத்தை ஞாபகப்படுத்தினால் போதும்.

கேள்வி: சகோதரி, எனக்கு 58 வயது. மகளுக்கு 24. நல்ல வேலை, நல்ல குணம். போன வருடம் முதல் லீவு கிடைத்தால் ஹம்பி, பாதாமி என்று பாறை ஏறப் போய்விடுகிறாள். யூடியூபில் ஒருவர் கயிறே இல்லாமல் செங்குத்துப் பாறையில் தொங்குவதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உயிரைப் பணயம் வைக்கிற ஆசை ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? நாங்கள் வளர்த்ததில் ஏதாவது குறையா? வரன் பார்க்கிறோம், அங்கே இதைச் சொல்லலாமா? – ஒரு தாய், பெரம்பூர்

அக்கா, முதலில் அந்த வீடியோ. நீங்கள் பார்த்தது அலெக்ஸ் ஹானால்டாகத்தான் இருக்கும். 2017 ஜூன் 3-ஆம் தேதி அமெரிக்காவில் யோசெமிட்டியில் உள்ள எல் கேப்பிட்டன் பாறையில், சுமார் 3,000 அடி, கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அதே வழியில் கயிறு கட்டிக்கொண்டு எத்தனையோ முறை ஏறி, எந்த விரல் எங்கே என்று மனப்பாடம் செய்த பிறகுதான் அந்த ஏற்றம். அதற்கு ஃப்ரீ சோலோ என்று பெயர், உலகம் முழுக்கப் பாறை ஏறுகிறவர்களில் அதைச் செய்கிறவர்கள் மிகச் சிலர். உங்கள் மகள் செய்வது அது இல்லை என்று என்னால் ஏறக்குறைய சத்தியம் பண்ண முடியும். ஹம்பியில் பெரும்பாலும் போல்டரிங், அதாவது உருண்டைப் பாறைகளில் கொஞ்ச உயரம் ஏறுவது, கீழே தடிமனான மெத்தை இருக்கும், பக்கத்தில் தோழிகள் கை நீட்டி நிற்பார்கள். பாதாமியின் செம்மணற்கல் சுவர்களில் இடுப்பில் ஹார்னெஸ் என்கிற வார்ப்பட்டை, அதில் எட்டு மாதிரி போட்ட முடிச்சு, மறுமுனையில் தரையில் நின்று கயிறு பிடிக்கிற ஒருவர். அப்படிப் பிடிப்பதை பிலே என்போம். விழுந்தால் கயிறு கொஞ்சம் இழுபட்டுத் தாங்கும்படிதான் நெய்திருப்பார்கள், கிணற்றுக் கயிறு மாதிரி வெடுக்கென்று இழுக்காது. ஒரு நாளில் பத்து தடவை விழுகிறவர்கள் உண்டு, எழுந்து டீ குடித்துவிட்டு மறுபடி போவார்கள்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்ப மாட்டேன். கயிறு அறுந்து விபத்து என்பது அபூர்வம், ஆனால் மனுஷன் மறந்து விபத்து என்பது நடக்கும். முடிச்சைப் பாதி போட்டுவிட்டுப் பேச்சில் மறப்பது, கயிறு பிடிக்கிறவர் போனைப் பார்ப்பது, இறக்கும்போது கயிறு போதாமல் நுனி நழுவிப் போவது. எனக்கே ஒரு முகாமில் நடந்தது, ஏற்பாடு செய்தவர்களை இங்கே சொல்லப் போவதில்லை. அவசரத்தில் யாரும் என் ஹார்னெஸ் பக்கிளைச் சரிபார்க்கவில்லை, பாதி ஏறிக் குனிந்து பார்த்தால் வார் முழுசாகக் கோக்கப்படாமல் தொங்குகிறது. ஒரு கையால் பாறையைக் கட்டிப் பிடித்தபடி மறு கையால் அதை இழுத்துக் கோத்த அந்த அரை நிமிடத்தில் நான் கூப்பிடாத சாமி இல்லை. அன்று முதல் ஏறுவதற்கு முன் எனக்குக் கயிறு பிடிக்கிறவளுடையதை நான் பார்ப்பேன், அவள் என்னுடையதைத் தொட்டுப் பார்ப்பாள், எத்தனை வருடப் பழக்கமானாலும். அதனால் மகளிடம் "ஏன் ஏறுகிறாய்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "உனக்குக் கயிறு பிடிக்கிறது யாரு?" என்று கேளுங்கள். அவள் சொல்கிற பதிலில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடும்: யாருடன் போகிறாள், அவர்களை எவ்வளவு நாளாகத் தெரியும், எவ்வளவு கவனமான ஆட்கள். முடிந்தால் அந்தப் பெண்ணையோ பையனையோ ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

வளர்த்ததில் குறையா என்கிறீர்கள். மார்வின் சக்கர்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில், புது அனுபவத்தின் மேலும் பரபரப்பின் மேலும் ஒருவருக்கு எவ்வளவு நாட்டம் என்று அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். பாறை ஏறுகிறவர்கள் அதில் சராசரியைவிட அதிக மதிப்பெண் வாங்குவதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அது ஒரு சுபாவம், நோயில்லை, காரத்துக்கு ஆசைப்படுகிற நாக்கு மாதிரி. ஆனால் என்னுடன் ஏறுகிற பெண்களைக் கேட்டால் பரபரப்பு என்று சொல்பவர்கள் குறைவு. வீட்டில் ஒன்பது மணிக்கு எங்கே இருக்கணும், என்ன உடுத்தணும், யாரிடம் சிரிக்கணும் என்று எல்லாவற்றுக்கும் ஒருவர் முடிவெடுத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த காலை எங்கே வைக்கணும் என்பதை மட்டும் நானே முடிவு பண்ணுகிறேன், தப்பானால் அந்தத் தப்பும் என்னுடையது என்று ஒருத்தி சொன்னாள். உங்கள் மகளும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை, உங்கள் வீட்டை எனக்குத் தெரியாது.

வரன் வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி, 2023 மே 23-ல் ஏறியபோது அவர் ஒரு குடும்பப் பெண்தான், ஜப்பானிய மொழி சொல்லித் தருகிற ஆசிரியை. பாறை ஏறுகிறாள் என்று கேட்டதும் முகம் சுளிக்கிற வீடு என்றால் அதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது செலவு மிச்சம்.

கேள்வி: நான் ரீல்ஸுக்காகத்தான் ஏறுகிறேன் என்று நண்பர்கள் ஓட்டுகிறார்கள். பாதி உண்மைதான். அது தப்பா? – கல்லூரி மாணவர், தாம்பரம்

தப்பில்லை. நான் ஏறியது கட்டின பணத்துக்காக, நீ ஏறுவது லைக்குக்காக, இரண்டில் எது உசத்தி என்று யார் சொல்வது. ஒன்று மட்டும் கவனி, கேமரா ஓடும்போது உன்னால் முடியாத ஒன்றை முயற்சி பண்ணுகிறாயா, இறங்கிவிடலாம் என்று தோன்றியும் வீடியோ பாதியில் நிற்குமே என்று மேலே போகிறாயா? அப்படியானால் போனைப் பையில் வை. மற்றபடி அந்த வீடியோக்களை நீயே திரும்பப் பார், கால் எங்கே வழுக்குகிறது என்பது அதில் நன்றாகத் தெரியும், நானும் அதற்காக எடுக்கச் சொல்வதுண்டு. அப்புறம், பின்னணி இசையை மாற்று தம்பி, எல்லாரும் அதையேதான் போடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, உயரம் என்றாலே பயம். மூன்றாவது மாடி பால்கனியில் துணி காயப்போடக்கூட மனைவிதான் போக வேண்டும். பாறை ஏறினால் இந்தப் பயம் போய்விடும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். போகுமா? – வேளச்சேரி

போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஏறலாம்.

ஹானால்டின் மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள், 2016-ல் அது பெரிய செய்தியாக வந்தது. சாதாரணமாக யாரையும் உலுக்கிவிடுகிற படங்களைக் காட்டியபோதும், பயத்துக்கு மணியடிக்கிற அமிக்டலா என்ற பகுதி அவருக்கு அசையவே இல்லை. அது பிறவியா, பல வருடப் பழக்கமா என்று அந்த ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. நமக்கெல்லாம் அந்த மணி அடிக்கும். எட்டு வருடத்துக்கு அப்புறமும் எனக்கு அடிக்கிறது. மாறினது என்னவென்றால், முன்பெல்லாம் மணி அடித்தால் ஓடிவிடுவேன், இப்போது "கேட்டுது, கேட்டுது" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் பார்க்கிறேன், கால் எங்கே இருக்கிறது பார்க்கிறேன், ஒரு நீளமான மூச்சு விடுகிறேன். முழங்கால் தையல் மெஷின் மாதிரி படபடவென்று ஆட ஆரம்பிக்கும், உங்களுக்கும் ஆடும், வெட்கப்பட ஒன்றுமில்லை. குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்தினால் நின்றுவிடும்.

ஆரம்பத்தில் டாப் ரோப் மட்டும் போதும், கயிறு மேலே ஏற்கெனவே மாட்டியிருக்கும், கையை விட்டாலும் அரையடி ஒரு அடிதான் இறங்குவீர்கள். முதல் நாள் ஆறடி ஏறி, வேண்டுமென்றே கையை விட்டுக் கயிற்றில் உட்காருங்கள். அப்புறம் எட்டடி. இதை ஐந்து வாரம் செய்தாலும் பரவாயில்லை, யாரும் துரத்தவில்லை. பயத்தை ஒழிப்பதற்காக ஏறுகிறேன் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பது நான் பார்த்தது, ஏனென்றால் பயம் ஒழியவில்லை என்று அவர்களுக்கு ஏமாற்றமாகிவிடுகிறது. பயத்தோடு எவ்வளவு தூரம் போகலாம் பார்ப்போமே என்று வருகிறவர்கள் தங்குகிறார்கள். துணியை நீங்களே காயப்போடுவீர்களா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது, அதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று உங்கள் மனைவி சந்தேகப்பட்டால் அதையும் தப்பு சொல்ல மாட்டேன்.

கேள்வி: மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைப் பாறையில் ஏறிப் பழகலாமா? – திருவான்மியூர்

கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சரிவில் உருண்டு விழப்போகிற மாதிரி நிற்கிற அந்த 250 டன் பாறையை 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார், அசையவில்லை என்று சொல்வார்கள். யானைக்கே அசையாதது நமக்கா அசையும் என்று கேட்காதீர்கள், கேள்வி அது இல்லை. ரப்பர் ஷூ அடியும் வழுக்காமல் இருக்கக் கையில் பூசுகிற வெள்ளைப் பொடியும் ஆயிரக்கணக்கானவர்களுடையது சேர்ந்தால் பல்லவர் காலத்து உளி அடையாளங்களுக்குப் பக்கத்தில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. காட்டுப் பகுதிப் பாறைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், 2018 குரங்கணித் தீக்குப் பிறகு அதில் விளையாடவே கூடாது. சென்னைக்குள் உள்ளரங்கச் சுவர்கள் இருக்கின்றன, அங்கே தொடங்குங்கள். பாறைதான் வேண்டும் என்றால் பெங்களூர்ப் பக்கம் ராமநகரம் இருக்கிறது, ஒரு ராத்திரி ரயில். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால் நல்லது, நம் ஊர் மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சுவரில் பொடி பூசின கை பத்து நொடியில் களிமண் ஆகிவிடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மலையைக் கும்பிடுவது நம் மரபு, மலையை வெல்வது வெள்ளைக்காரன் மரபு. வேலை மெனக்கெட்டு அதை ஏன் இங்கே இறக்குமதி செய்கிறீர்கள் அம்மா? – பல்லாவரம்

ஐயா, பல்லாவரத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற பாறையைப் பற்றி முதலில் சொல்கிறேன். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கிற அந்தக் கருநீலச் சாம்பல் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இதே வகைக் கல்லால் ஆனது, அதைப் பார்த்துத்தான் டி.எச். ஹாலந்து என்ற புவியியலாளர் 1893-ல் அந்தப் பெயரை வைத்தார். கல் நம்முடையது, பெயர் மட்டும் கல்லறைக்காரருடையது. அதற்கு முப்பது வருடம் முன்னால், 1863 மே 30-ல், உங்கள் பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதைச் செதுக்கினவர்கள் நல்ல கல்லைத் தேடி எந்தப் பாறைமேல் எல்லாம் ஏறினார்களோ.

மரபு என்றீர்கள். நீலகிரியில் குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் தொங்குகிற தேன் அடைகளை எடுக்கக் காட்டுக் கொடிகளை முறுக்கி ஏணி கட்டி இறங்குகிறார்கள். தேனெடுக்க மலையில் சார்த்துகிற மூங்கில் ஏணிக்கு 'மால்பு' என்று தனியாக ஒரு சொல்லே சங்கப் பாட்டில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போயிருக்கிறீர்களா? பாறையில் ஏழு குழி வெட்டி, அதில் காலை வைத்து ஏறிப் போகிற இடம், பெயரே அதனால்தான். அந்த ஏழு குழியில் கால் வைத்துப் போய் உள்ளே கல்லில் படுத்துத் தவம் செய்த சமண முனிவர்கள் மலையை வென்றார்களா கும்பிட்டார்களா? இரண்டும் இல்லாமல், அங்கே போனால் சத்தம் குறைவாக இருக்கும் என்று போனார்களோ என்னவோ. எனக்கு அந்தக் காரணம் நன்றாகவே புரிகிறது.

'வெல்வது' என்ற சொல் எனக்கும் பிடிக்காது, அதில் நான் உங்கள் கட்சி. பாறையை யாரும் வெல்வதில்லை, அதற்கு நாம் வந்ததே தெரியாது. செய்தித்தாள்காரர்கள் எழுதுகிறார்கள், மலை ஏறுகிறவர்களும் மேடையில் பேசும்போது சொல்கிறார்கள். நான் ஏறுவதற்கு முன் பாறையை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், புது ஆட்கள் சிரிப்பார்கள். சித்ரதுர்கா கோட்டைச் சுவர்களில் கயிறில்லாமல் குரங்கு மாதிரி ஏறுகிறாரே ஜோதி ராஜ், கோத்தி ராஜ் என்றே கூப்பிடுவார்கள், கோத்தி என்றால் கன்னடத்தில் குரங்கு, அவர் எந்த வெள்ளைக்காரனிடமும் படித்து வந்தவர் இல்லை. கயிறும் ஹார்னெஸும் இறக்குமதிதான், ஒப்புக்கொள்கிறேன். கிரிக்கெட் மட்டையும்தான் ஐயா.

கேள்வி: மகனுக்கு 10 வயது. ஒலிம்பிக்கில் இது வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இப்போதே சேர்த்தால் மெடல் வாங்க முடியுமா? அவன் சுமாராகத்தான் ஆர்வம் காட்டுகிறான். – ஒரு தந்தை, அண்ணா நகர்

வந்துவிட்டது, டோக்கியோவில் முதல் முறை. பாரிஸ் 2024-ல் வேக ஏற்றம் தனிப் போட்டியாகவே நடந்தது, 15 மீட்டர் சுவர், இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 நொடியில் ஏறித் தங்கம் வாங்கினார். நம் பக்கத்துத் தட்பவெப்பம், நம் பக்கத்து உடல்வாகு, அதனால் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நீங்கள் எழுதின கடைசி வரியை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். என் மகனும் சுமாராகத்தான் ஆர்வம் காட்டினான், அவன் அம்மாவுக்குத்தான் ஆசை இருந்திருக்கிறது என்பது நாலு நாளில் தெரிந்தது. நீங்கள் ஒரு மாதம் ஏறிப் பாருங்களேன். பையன் தானாகவே வந்தால் விளையாட்டாக ஏறட்டும், விரல் பலத்துக்கு என்று பலகையில் தொங்கவிடுகிற பயிற்சியெல்லாம் வளருகிற வயதில் வேண்டாம், விரல் எலும்பின் வளரும் பகுதி அந்தச் சுமையில் காயப்படும்.

கேள்வி: அக்கா, ஒன்றரை வருடமாக டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஏறுகிற நாளில் மட்டும் மனசு லேசாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே பிடித்துக்கொள்ளலாமா? – பெயர் வேண்டாம், மடிப்பாக்கம்

நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

லேசாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மன அழுத்தம் உள்ளவர்களை வாரம் ஒருமுறை, மூன்று மணி நேரம், எட்டு வாரம் போல்டரிங் செய்ய வைத்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்னும் தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு அழுத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் அது சும்மா ஏறிவிட்டு வருவது இல்லை, கூடவே சிகிச்சையாளர்கள் இருந்தார்கள், பேச்சும் பயிற்சியும் சேர்ந்தது. மாத்திரைக்குப் பதிலாக இது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. உங்கள் மருத்துவரிடம் போய், ஏறுகிற நாளில் இப்படி இருக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்றுவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்கிறேன், கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. அம்மா இறந்துபோன வருடத்தில் நான் வெறியோடு ஏறினேன், வாரம் ஐந்து நாள். துக்கத்துக்கு நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒரு நாள் எனக்குக் கயிறு பிடிக்கிறவள், "நீ இன்னிக்கு முடிச்சைப் பார்க்கவே இல்லை, ரெண்டாவது தடவை" என்றாள். விழுந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் என்னைத் தரையை விட்டு எழும்ப விடவில்லை, கயிறு மட்டும் பிடிக்க வைத்தாள். இன்னொருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும் மனசை லேசாக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால், விழுந்தால் என்ன என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்று ஏறாதீர்கள், உங்களுக்குக் கயிறு பிடிக்கிறவரிடமும் மருத்துவரிடமும் அன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். நள்ளிரவு என்றால் டெலி மானஸ் 14416, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே.

கேள்வி: 52 வயது, கொஞ்சம் சர்க்கரை. லேட்டா? – மயிலாப்பூர்

இல்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள், பாக்கெட்டில் ரெண்டு கடலை மிட்டாய் வையுங்கள். ஷூ இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் சர்க்கரை இருப்பதால் கால் மரத்துப்போகிற அளவு இறுக்கம் வேண்டாம், ஏறி முடித்ததும் கழற்றிப் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். தசை சீக்கிரம் வலுவாகிவிடும், விரல் தசைநார் மெதுவாகத்தான் வரும், அதனால் முதல் ஆறு மாதம் பெரிய பிடியாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கேள்வி: மூன்று வருடம் விடாமல் ஏறினேன். இப்போது ஆசையே போய்விட்டது. ஏன் ஏறினேன் என்றும் தெரியவில்லை, ஏன் நின்றது என்றும் தெரியவில்லை. ஷூவைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. – கொளத்தூர்

குற்றம் எங்கே வந்தது? பாறைக்கு நீங்கள் தவணை எதுவும் பாக்கி வைக்கவில்லையே. எனக்குத் தெரிந்த ஒருவர் வேலைக்காகப் பெங்களூர் போய், பாறை பக்கத்திலேயே இருந்தும் இரண்டு வருடம் ஏறவில்லை, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் நிறுத்தியவர் நிறுத்தியவர்தான், இப்போது வீணை கற்றுக்கொள்கிறார், விரல் நுனியில் காய்ப்பு ஏற்கெனவே இருப்பது வசதி என்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்பது இன்னும் ஒரு வருடத்தில் தானாகத் தெரிந்துவிடும், இப்போதே தீர்மானிக்க வேண்டிய அவசரம் இல்லை.

அதுவரை அந்த ஷூ அலமாரியில் சும்மா கிடந்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும், ரப்பரும் காய்ந்து வெடிக்கும். எங்கள் சுவருக்கு வருகிற ஒரு பெண் வாடகை ஷூவிலேயே ஒரு வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறாள். உங்களுடையது என்ன சைஸ்?